விளிம்பில் ஒரு பெயர்: மதுரை வட்டாரத்துப் பட்டாளப் பதக்கங்கள்

அலங்காநல்லூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு வாடிவாசல்தான் நினைவுக்கு வரும். ஆனால் அலங்காநல்லூர், பாலமேடு, சோழவந்தான், வாடிப்பட்டி என்று நீளும் இந்தக் கிராமங்களில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு. "மிலிட்டரிக்காரர் வீடு எது?" என்று கேட்டால் "எந்த மிலிட்டரிக்காரர்?" என்று திருப்பிக் கேட்பார்கள். அந்த வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில், நிலப் பத்திரத்துக்கும் கல்யாணப் புடவைக்கும் அடியில், சாயம் போன ரிப்பனோடு ஒரு வெள்ளி வட்டமோ ஆறுமுனை நட்சத்திரமோ கிடக்கும். வீட்டில் உள்ளவர்கள் அதைத் "தாத்தாவோட மெடல்" என்பார்கள். எந்தப் போர், எந்தப் படைப்பிரிவு, எந்த ஆண்டு என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது.

பழைய இராணுவப் பதக்கங்களைச் சேகரிப்பது உலகெங்கும் உள்ள பழக்கம். பிரிட்டனில் அதற்கென்றே 1942இல் ஓர் ஆய்வுச் சங்கம் தொடங்கினார்கள். இலண்டனில் பதக்கங்களுக்கென்றே ஏலங்கள் நடக்கின்றன. தமிழ்நாட்டில் நாணயம் சேர்ப்பவர்கள் ஏராளம், பதக்கம் சேர்ப்பவர்கள் சிலரே. அந்தச் சிலரிலும் பதக்கத்தின் முகப்பைப் பார்த்து விலை பேசுபவர்கள்தான் அதிகம். பதக்கத்தின் உயிர் அதன் விளிம்பில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. நாணயம் யாருடையதும் அல்ல, இன்று என் கையிலும் நாளை உங்கள் கையிலும் இருக்கும். பதக்கம் அப்படியல்ல. அதன் விளிம்பில் ஒரு மனிதனின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். பள்ளிக்கூடப் பதிவேட்டிலோ நிலப்பட்டாவிலோ இடம்பெறாத ஒரு கூலிக்காரனின் பெயர் உலோகத்தில் நிற்கும் ஒரே இடம் சில வேளைகளில் அதுவாகவே இருக்கும்.

மதுரையிலிருந்து இந்த வரலாற்றைச் சொல்லத் தொடங்கினால் முதல் பெயர் கான்சாகிபு. மருதநாயகம் என்று நாம் அறிந்த யூசுப் கான், திருச்சி முற்றுகைப் போர்களில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் போரிட்டுச் சிப்பாய்களின் தளபதியானவர். கம்பெனிப் படைத்தலைவர் மேஜர் லாரன்சின் பரிந்துரைக்குப்பின் கம்பெனி அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. இந்தியச் சிப்பாய் ஒருவருக்கு ஆங்கிலேயர் அளித்த மிகப் பழைய பதக்கங்களில் அதுவும் ஒன்று. பதக்கம் கொடுத்த அதே கம்பெனி பின்னர் மதுரைக் கோட்டையை முற்றுகையிட்டு, 1764 அக்டோபர் 15 அன்று சம்மட்டிபுரத்தில் அவரைத் தூக்கிலிட்டது. அங்கிருக்கும் அவருடைய தர்காவுக்கு இன்றும் மக்கள் போய் வருகிறார்கள். பதக்கம் என்பது அதைக் கொடுப்பவனின் தேவையைச் சொல்லும் பொருள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கம்பெனியின் அடுத்தடுத்த பதக்கங்களிலும் இதே கதைதான். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததற்காக வெளியிட்ட பதக்கத்தில் பிரிட்டிஷ் சிங்கம் திப்புவின் புலியை மிதித்து நிற்கும். அதன் ஒரு பகுதி பர்மிங்காமில் போல்டனின் சோஹோ நாணயச்சாலையில் அடிக்கப்பட்டது. தளபதிகளுக்குத் தங்கம், அடுத்தவர்களுக்கு முலாம் பூசிய வெள்ளி, பிறகு வெள்ளி, வெண்கலம் என்று இறங்கிக்கொண்டே வந்து சாதாரணச் சிப்பாய்க்குக் கிடைத்தது வெள்ளீயம். கோட்டைச் சுவரில் ஏறியவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது அந்த ஈயத்துண்டுதான். 1795இல் இலங்கையை டச்சுக்காரர்களிடமிருந்து பிடிக்கச் சென்ற படையில் சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள் கணிசமாக இருந்தார்கள். அந்தப் போருக்கான பதக்கமோ வங்காளப் பீரங்கிப் படையினருக்குப் போயிற்று.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1799–1826 என்ற ஆண்டுகள் பொறித்த 'ஆர்மி ஆஃப் இந்தியா' என்ற பதக்கம் 1851இல் அறிவிக்கப்பட்டது. ரிப்பனில் மாட்டும் போர்ப்பட்டிகள் மொத்தம் 21. அசாயி உண்டு, கோரேகாவ் உண்டு, நாக்பூர் உண்டு, பர்மாவின் ஆவா உண்டு. பாஞ்சாலங்குறிச்சி இல்லை, காளையார்கோவில் இல்லை. கட்டபொம்மனோடும் ஊமைத்துரையோடும் மருது சகோதரர்களோடும் கம்பெனி நடத்திய போர்கள் அதே காலத்தில் நடந்தவைதான், ஆங்கிலேய அதிகாரிகள் பலர் உயிரிழந்த கடும் போர்கள். ஆனாலும் பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை. இந்தப் பதக்கம் வேண்டுமென்றால் உயிரோடிருப்பவர் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து எத்தனை சிப்பாய்கள் உயிரோடிருந்து விண்ணப்பம் எழுதியிருப்பார்கள்? அதனால்தான் இந்தியர் பெயர் பொறித்த ஆர்மி ஆஃப் இந்தியா பதக்கம் இன்று மிக அரிது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைப் படையின் மதிப்பு சரிந்தது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னிந்தியர்கள் போருக்கு லாயக்கற்றவர்கள் என்று முடிவுகட்டினார். 'வீர இனங்கள்' என்ற கோட்பாடு பஞ்சாபுக்கும் நேபாளத்துக்கும் வாய்ப்பைத் திறந்துவிட்டு நமக்கு அடைத்தது. முதல் உலகப்போர் வந்ததும் மூடிய கதவைத் திறக்க வேண்டியதாயிற்று. கர்நாடிக் காலாட்படைகள், வாலாஜாபாத், பாளையங்கோட்டை இலகு காலாட்படைகள், பயனியர் படைகள், சென்னைச் சாப்பர்கள் (பொறியாளர் படை) என்று தமிழர்கள் பரவலாகச் சென்றார்கள். அவர்களோடு போர்முனையில் சுமை தூக்கவும் பாதை போடவும் தொழிலாளர் படைகளில் சேர்ந்தவர்களும் உண்டு. இந்தியா முழுவதிலுமிருந்து பத்து லட்சம் பேருக்குமேல் கடல் கடந்தார்கள். போருக்குப்பின் மீண்டும் அதே பழைய கதை: 1920களின் இறுதியில் மூன்றாம் மதராஸ் ரெஜிமென்ட்டும் 1933இல் மதராஸ் பயனியர்களும் கலைக்கப்பட்டார்கள். 1941இல் இன்னொரு உலகப்போர் நெருக்கியபோதுதான் மதராஸ் ரெஜிமென்ட் மீண்டும் உயிர் பெற்றது. பதக்கம் ஆராய்பவருக்கு இந்தக் கலைப்பும் மீட்பும் முக்கியம். தாத்தாவின் படைப்பிரிவே இல்லாமல் போய்விட்டால் அவருடைய காகிதங்களைத் தேடி எந்த அலுவலகத்துக்குப் போவது?

நம் வீடுகளில் அதிகம் கிடைப்பவை முதல் உலகப்போர்ப் பதக்கங்கள் இரண்டு. ஒன்று 'பிரிட்டிஷ் வார் மெடல்'. 36 மில்லிமீட்டர் விட்டம், ஏறக்குறைய ஓர் அவுன்ஸ் வெள்ளி. முன்பக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலை. பின்பக்கம் குதிரைமேல் அமர்ந்த ஆடையில்லாத வீரன், குதிரையின் காலடியில் கழுகுச் சின்னம் பொறித்த கேடயமும் மண்டையோடும். இரண்டாவது 'விக்டரி மெடல்': வெண்கலம், சிறகு விரித்த வெற்றித் தேவதை, வானவில் நிறத்து ரிப்பன். அதன் பின்பக்கம் இந்தப் போர் நாகரிகத்துக்காக நடந்தது என்று எழுதியிருக்கும். வார் மெடல் வெள்ளியில் சுமார் 65 லட்சம் அடிக்கப்பட்டது, வெண்கலத்தில் சுமார் 1,10,000 மட்டுமே. இந்த வெண்கலம் யாருக்கு? சீனத் தொழிலாளர் படைக்கும் மால்டாத் தொழிலாளருக்கும் இந்தியத் தொழிலாளர் படைக்கும். துப்பாக்கி தூக்கியவனுக்கு வெள்ளி, மூட்டை தூக்கியவனுக்கு வெண்கலம். ஒரே கப்பலில் போய், ஒரே காய்ச்சலில் விழுந்தவர்களுக்குள் இப்படி ஒரு பாகுபாடு. அன்று மதிப்புக் குறைவென்று கருதப்பட்ட வெண்கலம் இன்று எண்ணிக்கையில் அரியது. ஆய்வாளருக்கோ அதன் மதிப்பு இன்னும் அதிகம். கூலிப்படையினரைப் பற்றிய ஆவணம் அவ்வளவு குறைவு.

வெள்ளியாக இருந்ததே வார் மெடலுக்கு எமனாயிற்று. சிப்பாய் செத்தபின் குடும்பத்துக்குக் கஷ்டம் வந்தால் அது அடகுக்கடைக்குப் போனது. மீட்க முடியாதபோது உருக்குச் சட்டிக்குப் போனது. பேத்தியின் கொலுசாகவும் பேரனின் அரைஞாணாகவும் மாறியவை எத்தனையோ. சிலர் மேலிருக்கும் கொக்கியை வெட்டிவிட்டு, வளையம் பற்றவைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள். 1980இல் உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏறியபோது இங்கிலாந்திலும் இதே பதக்கங்கள் குவியல் குவியலாக உருக்கப்பட்டன. ஆகவே நம் வீட்டுப் பெண்களைக் குறை சொல்ல ஏதுமில்லை. பசிக்கு முன்னால் மன்னரின் தலைக்கு என்ன மதிப்பு? வருத்தம் வேறிடத்தில். உருக்குவதற்கு முன் விளிம்பில் இருந்த அந்த ஒரு வரியைக் காகிதத்தில் எழுதிவைக்க ஒருவரும் இல்லையே என்பதுதான் அது.

அந்த ஒரு வரியை எப்படி வாசிப்பது? பதக்கத்தைச் சாய்த்துப் பிடித்து, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விழும்படி வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியால் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். முதலில் ஓர் எண் வரும். பிறகு சிப்பாய், நாயக், ஹவில்தார் போன்ற பதவி, அடுத்துப் பெயர், கடைசியில் படைப்பிரிவு, பெரும்பாலும் சுருக்கமாக. நட்சத்திர வடிவப் பதக்கமானால் இவை பின்பக்கத்தில் இருக்கும். புதிதாக வருபவர்கள் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடப் போவார்கள். அது வீண் அலைச்சல். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. ராமசாமி, முத்துசாமி, பெருமாள், கருப்பன் ஒவ்வொரு படைப்பிரிவிலும் பத்துப் பேர் இருப்பார்கள். அதோடு ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியிருப்பார். ஒரே பெயர் மூன்று பதக்கத்தில் மூன்று விதமாக வரும். எண்ணைப் பிடித்துக்கொண்டு போவதே வழி. அந்தக் காலத்து எண் அந்தந்தப் படைப்பிரிவுக்குள் மட்டும் செல்லும் என்பதால் எண்ணும் பிரிவும் சேர்ந்தால்தான் ஆள் கிடைப்பான்.

இரண்டாம் உலகப்போர் நட்சத்திரங்களில் நமக்கு ஒரு நற்பேறு உண்டு. பிரிட்டன் தன் சொந்த வீரர்களுக்குக் கொடுத்த அந்த நட்சத்திரங்களில் பெயர் பொறிக்கவில்லை. இந்திய வீரர்களுக்கு வந்தவற்றில் பெயர் பொறிக்கப்பட்டது. இங்கிலாந்துச் சேகரிப்பாளர் தன் பர்மா ஸ்டார் யாருடையது என்று அறிய வழியில்லாமல் தவிக்கும்போது, உசிலம்பட்டிப் பெட்டியில் கிடக்கும் பர்மா ஸ்டார் தன் உரியவரைத் தானே சொல்லும்.

எண்ணும் பிரிவும் கிடைத்தபின் தேட வேண்டியது 'ஷீட் ரோல்' என்று பட்டாளத்தில் சொல்லும் பணிப்பதிவேடு. ஆளின் ஊர், வட்டம், தகப்பன் பெயர், சாதி, உயரம், உடம்பில் அடையாளமாக இருந்த மச்சமோ தழும்போ எல்லாம் அதில் இருக்கும். மதராஸ் ரெஜிமென்ட்டின் தலைமையிடம் நீலகிரியில் வெலிங்டன். சென்னைச் சாப்பர்களின் வாரிசான மதராஸ் இன்ஜினியர் குரூப்புக்குப் பெங்களூரு. ஓய்வூதியம் பெற்றவர் என்றால் மதுரை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் கேட்கலாம். குடும்பத்தார் நேரில் கேட்டால் கிடைப்பது சேகரிப்பாளர் கேட்டால் கிடைப்பதில்லை, அதுவே சரியும்கூட. அதற்கு முந்தைய கம்பெனிக் காலத்து ஆவணங்களுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் தொகுப்பும் துணை.

வீரர் போரில் இறந்திருந்தால் வேலை எளிது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் இரு உலகப்போர்களிலும் மடிந்த இந்தியர்களின் பெயர்கள் உள்ளன. இரண்டாம் போரில் இறந்தவர்களுக்குப் பல இடங்களில் தகப்பன் பெயரும் ஊரும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள். மெசபடோமியாவில் இறந்தவர் பஸ்ரா நினைவுச்சின்னத்திலும், பிரான்சில் இறந்தவர் நியூவ் ஷாப்பெல்லிலும், பர்மாவில் இறந்தவர் ரங்கூன் அருகே தௌக்கியானிலும் இருப்பார். சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையிலும் ஒரு முதல் உலகப்போர் நினைவுச்சின்னம் உண்டு. தேடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அந்தக் காகிதங்களில் மதுரை இல்லை, 'மதுரா'தான் இருக்கும். வாடிப்பட்டி வட்டம் என்றும் இருக்காது. அப்போது சோழவந்தான் பக்கமெல்லாம் நிலக்கோட்டை வட்டம். பழைய வட்ட எல்லைகள் தெரியாமல் தேடுபவர், ஆள் அங்கேயே இருந்தும் இல்லையென்று திரும்பிவிடுவார்.

வீரப்பதக்கங்களுக்கு அரசிதழே சான்று. காஞ்சிபுரம் பக்கத்து ஊர்க்காரரான சுபேதார் சுப்பிரமணியன் சென்னைச் சாப்பர்களில் பணியாற்றியவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிஞ்ஞானோவில் கண்ணிவெடிமேல் தன்னைக் கிடத்திச் சகாக்களைக் காப்பாற்றி இறந்தார். ஜார்ஜ் கிராஸ் பெற்ற முதல் இந்தியர் அவர். அவர் செய்த செயல் அரசிதழில் வரி வரியாக அச்சாகியிருக்கிறது. 1837இல் தொடங்கிய இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட், 1907இன் இந்தியன் டிஸ்டிங்குவிஷ்டு சர்வீஸ் மெடல் போன்றவையும் இந்த வகை. விக்டோரியா கிராஸ் இந்தியர்களுக்குக் கிடைக்க 1911 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் போய்ச் சேவை செய்துவிட்டு வந்தவர்கள், அரசிதழில் வராதவர்கள். விளிம்பு எழுத்து மிகவும் தேவைப்படுவது அவர்களுக்குத்தான்.

அந்த எழுத்து பெருமையை மட்டும் சொல்லும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படையின் பெயர் பொறித்த நட்சத்திரம் கிடைத்தால், 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்காவில் அந்தப் படை பட்ட தோல்வியையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். நீண்ட கப்பல் பயணத்தால் தளர்ந்து கிடந்தவர்களை நேரே இயந்திரத் துப்பாக்கிகளுக்கு முன் இறக்கிவிட்டார்கள். அதில் சிதறியவர்களைக் கோழைகள் என்று எழுதிய அதிகாரிகளின் குறிப்புகள் மட்டும் நூல்களில் நிலைத்துவிட்டன. ஒரு சிப்பாயின் நட்சத்திரம் அந்தக் குறிப்புகளுக்கு எதிராக வைக்கத்தக்க சாட்சி.

இதில் நம் வட்டாரத்துக்கே உரிய ஒரு சங்கடமும் உண்டு. முதல் உலகப்போர்ப் பதக்கங்கள் வீடுகளுக்கு வந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1920 ஏப்ரல் 3 அன்று, உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் குற்றப்பரம்பரைச் சட்டத்தை எதிர்த்த மக்கள்மேல் அதே அரசின் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. அந்த மன்னரின் தலை பொறித்த பதக்கத்தைப் பெருமையாக மாட்டிவைக்க மனம் வராத குடும்பங்களை நான் மதிக்கிறேன். இன்னொரு பக்கம், மலேயாத் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர் மாவட்டங்களில் அவர்களுடைய சொந்தங்கள் இருக்கின்றன. ஆனாலும் பதக்கத்தை ஒளித்துவைப்பதும் உருக்குவதும் அந்தச் சங்கடத்துக்குத் தீர்வாகாது. அவர் ஏன் போனார், பஞ்சமா, கடனா, ஆசையா, யார் சேர்த்துவிட்டது என்ற கேள்விகளுக்கு விடை தேட அதே பதக்கம்தான் தொடக்கப்புள்ளி.

இந்திய தேசிய இராணுவம் என்ற பேச்சு வந்ததால் போலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆசாத் ஹிந்த் அரசின் பதக்கங்கள் வியன்னாவில் ரூடால்ஃப் சூவால் பட்டறையில் செய்யப்பட்டவை. போருக்குப் பின்னும் அதே பட்டறை பிரதிகளை அடித்தது. "நேதாஜி மெடல்" என்று யாராவது விற்க வந்தால் குடும்பத்தின் ஆவணம் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். பிரிட்டிஷ் பதக்கங்களில் நடக்கும் மோசடி வேறு மாதிரி. சாதாரணப் பெயரை அராவி எடுத்துவிட்டு, புகழ்பெற்ற பிரிவின் பெயரைப் பொறித்துவிடுவார்கள். அராவிய விளிம்பு மெலியும், விட்டம் குறையும். நகைப் பட்டறையில் இருக்கும் அளவுகோலால் அளந்தாலே தெரிந்துவிடும். அச்சில் ஊற்றிய போலியில் பரப்பெங்கும் ஊசிமுனை அளவுக்குக் குழிகள் இருக்கும், எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும்.

போலிக்காரர்களைவிட அதிகச் சேதம் செய்வது நம் சுத்தம். பொங்கலுக்குப் பித்தளைப் பாத்திரம் விளக்கும்போது புளியும் சாம்பலும் போட்டு மெடலையும் சேர்த்துத் தேய்த்துவிடுகிறோம். பளபளக்கும், பெயர் போய்விடும். கறுத்த வெள்ளி கறுத்தபடியே இருக்கட்டும். உலர்ந்த பருத்தித் துணியால் தூசியைத் துடைத்தால் போதும். பிளாஸ்டிக் உறை வேண்டாம். அதில் உலோகம் பச்சை பூக்கும். ரிப்பன் எவ்வளவு கிழிந்திருந்தாலும் பழையதைக் கழற்றி எறியாதீர்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருள்கள் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரும். தனிநபர் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. முதல் உலகப்போர்ப் பதக்கங்கள் இப்போது அந்த நூறாண்டைத் தாண்டிவிட்டன. இணையத்தில் அதிக விலை கேட்கும் வெளிநாட்டு வாங்குநருக்குத் தபாலில் அனுப்ப நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சேகரிப்பாளர்கள் அலட்சியம் செய்யும் ஒரு வகையைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. விடுதலைக்குப் பிந்திய இந்தியப் பதக்கங்கள்தான் அவை. 1947இன் விடுதலைப் பதக்கத்தில் அசோகச் சக்கரத்தின் மேல் பிரிட்டிஷ் கிரீடம் அமர்ந்திருக்கிறது. ஆட்சி மாறிய அந்தக் குறுகிய காலத்தை இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் பொருள் வேறொன்றை நான் பார்த்ததில்லை. 1965இன் சமர் சேவா ஸ்டார், 1971இன் பூர்வி, பஸ்சிமி ஸ்டார்கள், இலங்கை சென்ற அமைதிப்படையினருக்கு விதேஷ் சேவா மெடல். அந்த இலங்கைப் பணியில்தான் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று உயிர் நீத்துப் பரம்வீர் சக்கரம் பெற்றார். இந்தப் பதக்கங்கள் மலிவான உலோகக் கலவை, எண்ணிக்கையிலும் அதிகம் என்பதால் விலை போவதில்லை. காயலான் கடையில் எடைக்குப் போகின்றன. அவற்றைப் பெற்றவர்கள் பலர் இன்னும் நம் நடுவே இருக்கிறார்கள். அவர்களிடம் நேரில் கேட்டே எழுதிக்கொள்ளலாம், எந்தக் காப்பகத்துக்கும் போக வேண்டாம். வெள்ளியைத் தேடி ஓடுபவர் இதைக் கோட்டைவிடுகிறார்.

லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த பதிவேடுகளிலிருந்து, முதல் உலகப்போருக்குச் சென்ற பஞ்சாபியர் சுமார் 3,20,000 பேரின் விவரம் மீட்கப்பட்டுக் கணினியில் ஏறத் தொடங்கியிருக்கிறது. ஊர் பெயரைச் சொல்லித் தன் கொள்ளுத்தாத்தாவைத் தேடும் வசதி பஞ்சாபியருக்கு வந்துவிட்டது. தமிழர்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும். அதைப் பெரிய நிறுவனம் வந்து தொடங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அலங்காநல்லூர் ஒன்றியத்துப் பள்ளிகளின் வரலாற்று ஆசிரியர்கள் மனம்வைத்தால், மாணவர்கள் தங்கள் தெருவில் உள்ள மெடல்களின் விளிம்பை எழுதி எடுத்து, முன்னும் பின்னும் செல்போனில் படம் பிடித்து, வீட்டுப் பெரியவர் சொல்லும் நாலு வரியையும் சேர்த்துப் பள்ளி நோட்டில் பதிந்துவிடலாம். பதக்கம் அந்த வீட்டிலேயே இருக்கட்டும்.

பதக்கம் வாங்குபவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். விற்க வருபவரிடம் விலை பேசுவதற்கு முன் இது யாருடையது, எந்த ஊர், உங்களுக்கு என்ன உறவு என்று கேளுங்கள், கேட்டதை அன்றைக்கே எழுதிவையுங்கள். விற்பவர்களுக்கும் ஒன்று: கஷ்டம் வந்தால் விற்கத்தான் வேண்டும், அதில் குற்றமில்லை. கொடுப்பதற்கு முன் விளிம்பில் உள்ளதை ஒரு தாளில் எழுதி, தாத்தாவின் பெயரோடு உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.